சிட்காம் எபிசோட் ஒன்றை எடைபோட்டு எழுதுவது எப்படி?

விமர்சனம் எழுதிப் பழக விரும்புகிறவர், எல்லாரும் ஒருமுகமாகக் கொண்டாடும் எபிசோடை விட்டுவிட்டு, ரசிகர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாட்டைக் கிளப்பிய ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 2005 முதல் 2013 வரை ஒளிபரப்பான 'தி ஆபீஸ்' என்ற அலுவலக நகைச்சுவைத் தொடரின் (சிட்காம்) ஆறாம் சீசனில், 2009 டிசம்பர் 3 அன்று வெளியான 'ஸ்காட்ஸ் டாட்ஸ்' அத்தகையது. தொடரைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர்களில் பலர், சங்கடம் தாங்காமல் இதை மட்டும் தாண்டிவிடுவதுண்டு.

முதல் முறை பார்க்கும்போது குறிப்பெடுக்க வேண்டாம். இரண்டாம் முறை, ஒவ்வொரு காட்சியிலும் யார் எதை விரும்புகிறார், அதை அடைய விடாமல் தடுப்பது எது என்று ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 22 நிமிடம் ஓடும் எபிசோட் என்பதால் குறிப்பு ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். மையக் கதையையும் துணைக் கதையையும் தனித்தனியே பிரித்து எழுதுவது பின்னால் உதவும்.

மையக் கதை இது. ஸ்க்ரான்டன் நகரக் காகித நிறுவனக் கிளையின் மேனேஜர் மைக்கேல் ஸ்காட், பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம், பள்ளிப் படிப்பை முடித்தால் கல்லூரிக் கட்டணத்தைத் தானே கட்டுவதாக வாக்களித்திருக்கிறார். அதற்குள் கோடீஸ்வரன் ஆகிவிடலாம் என்பது அவர் கணக்கு. பிள்ளைகள் இப்போது பள்ளியை முடிக்கப்போகிறார்கள், அவரிடமோ பணம் இல்லை. (நியூயார்க்கில் யூஜீன் லாங் என்ற தொழிலதிபர் 1981-இல் ஆறாம் வகுப்பு மாணவர்களுக்கு இதே போன்ற உறுதி அளித்து, அதைக் காப்பாற்றியும் காட்டினார். ஆகவே இந்த வாக்குறுதியை நம்ப முடியாத கற்பனை என்று ஒதுக்கிவிட இயலாது.)

அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி, இந்தச் சிரிப்பு வேலையிடத்திலிருந்து பிறக்கிறதா என்பது. மேசையும் ஜெராக்ஸ் இயந்திரமும் கண்ணில் பட்டுவிட்டால் மட்டும் ஒரு தொடர் அலுவலக நகைச்சுவை ஆகிவிடாது. யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்ற உறவு அதில் இயங்க வேண்டும். இங்கே மையக் கதை பள்ளிக்கூடத்தில் நடந்தாலும், உண்மையைச் சொல்லப் போகும் மேனேஜர் தம்முடன் வரவேற்பாளர் எரினை அழைத்துச் செல்வதால், அலுவலகத்தின் மேல் கீழ் அடுக்கும் அவர்களோடு வகுப்பறைக்குள் நுழைகிறது. வேலைக்கு வந்து அதிக நாளாகாத ஒருத்தி தன் மேலதிகாரியின் மானம் போவதை அருகிலிருந்து பார்க்க நேர்வது, அந்த நாணக்கேட்டை இரட்டிப்பாக்குகிறது.

பலத்தைக் குறிப்பிடும்போது காட்சியைச் சுட்டிக் காட்டாமல் 'அருமை' என்று எழுதிவிட்டு நகராதீர்கள். மாணவர்கள் நன்றி தெரிவித்து ஆடிப் பாடுகிறார்கள், பேசுகிறார்கள். நன்றி ஏற ஏற, உண்மையைச் சொல்வது மேலும் கடினமாகிறது. கடைசியில் சொல்லி முடித்த மைக்கேல், ஈடாக ஆளுக்கொரு லேப்டாப் பேட்டரி தருகிறார். லேப்டாப் கிடையாது, பேட்டரி மட்டுந்தான். அதுவும் லித்தியம் பேட்டரி என்ற பெருமிதம் வேறு. தாம் செய்த பிழையின் அளவு அவருக்கு இன்னும் உறைக்கவில்லை என்பதை எந்த வசனத்தையும்விட அந்தப் பேட்டரி தெளிவாகக் காட்டிவிடுகிறது. பின்னணிச் சிரிப்பொலி இல்லாத தொடர் என்பதால், வகுப்பறையில் விழும் மௌனத்தை மறைத்துக் காப்பாற்றவும் ஏதுமில்லை.

பலவீனத்தைத் தேடும்போது துணைக் கதையிலிருந்து தொடங்குங்கள்; அவசரமாக எழுதப்படுவது பெரும்பாலும் அதுவே. இங்கே கிளையின் விற்பனையாளர் டுவைட், தன் சக ஊழியனாக இருந்து இணை மேனேஜராகிவிட்ட ஜிம்மைக் கவிழ்க்க, மாதத்தின் சிறந்த ஊழியர் விருது என்ற யோசனையை நுழைத்து, ஜிம் தனக்குத் தானே விருது கொடுத்துக்கொண்டதுபோலத் தோன்றச் செய்கிறான். அடுத்த இடம், அங்கேயே வேலை செய்யும் ஜிம்மின் மனைவி பாமுக்கு. கரு அசல் அலுவலகக் கரு, அதில் குறையில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் டுவைட்டை ஏமாற்றியே பொழுதுபோக்கிய ஜிம், அவன் கொண்டுவந்த யோசனையைச் சந்தேகிக்காமல் ஏற்பதும், வழக்கமாகத் தன் சூழ்ச்சியில் தானே சிக்கும் டுவைட் இம்முறை பிசகே இல்லாமல் எல்லாவற்றையும் முடிப்பதும், கதை நகர்வதற்காக இருவர் இயல்பையும் வளைத்ததாகத் தெரிகின்றன. தவிர, இரண்டு கதைகளுமே ஒருவர் பலர் முன் அவமானப்படுவதைப் பற்றியவை. ஒன்றின் இறுக்கத்தைத் தளர்த்த வேண்டிய மற்றொன்றும் அதே நரம்பைத்தான் அழுத்துகிறது.

ஒரே காட்சி பலமாகவும் பலவீனமாகவும் இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். திரும்பும் வழியில் காரில் எரின், அந்த மாணவர்களில் 90 விழுக்காட்டினர் பள்ளியை முடிக்கப்போகிறார்கள், பள்ளியின் மற்ற மாணவர்களைவிட இது மிகவும் அதிகம், உங்கள் வாக்குறுதி இல்லாவிட்டால் பலர் பாதியில் நின்றிருப்பார்கள் என்று ஆறுதல் சொல்கிறாள். எரினின் மனத்தைக் காட்டும் இடமாக அது அழகு. ஆனால், பெரும்பாலும் கறுப்பின இளைஞர்களான அந்தப் பிள்ளைகளுக்கு நேர்ந்த இழப்பை ஒரு புள்ளிவிவரத்தால் துடைத்துவிட்டு, நம் அனுதாபத்தை மைக்கேலின் பக்கம் திருப்பும் தந்திரமும் அதில் இருக்கிறது. புத்தகச் செலவுக்குக் காசோலை பெறும் டெரிக் ஒருவனைத் தவிர, மாணவர்களில் எவரும் தனி முகத்தோடு மனத்தில் நிற்பதில்லை என்பதையும் இதனோடு சேர்த்தே எழுத வேண்டும்.

தீர்ப்பு எழுதும்போது பலம் மூன்று, பலவீனம் மூன்று என்று சமன் செய்யாதீர்கள். எது எதை மீறுகிறது என்று சொல்லுங்கள். என் கணிப்பில், இந்த எபிசோடில் துணைக் கதை முழுவதையும் வெட்டி எறிந்தாலும் பெரிய நட்டமில்லை. பள்ளிக் காட்சிகளோ, கடைசி ஆறுதலில் கொஞ்சம் நழுவினாலும், ஆறாம் சீசன் தந்தவற்றுள் மிகத் துணிச்சலானவை. சங்கடமாக இருந்தது என்பதை மட்டும் குறையாக எழுத வேண்டாம், ஏனெனில் எழுத்தாளர்கள் வரவழைக்க முயன்றதே அந்தச் சங்கடத்தைத்தான்.