மாற்று எரிபொருள்: நம் கடற்கரையில் தப்பிப்போகும் கணக்குகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில், சாயல்குடியிலிருந்து கடலாடிப் பக்கம் போனால் கரிமூட்டம் புகைவதைப் பார்க்கலாம். சீமைக்கருவேல விறகை நெருக்கி அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் பரப்பி, ஈரமண் பூசி மூடித் தீ வைப்பார்கள். முதலில் வெள்ளையாகப் புகையும். அது விறகிலிருக்கும் ஈரம். நாள்கணக்கில் வெந்து, புகை மெலிந்து நீலம் பாய்ந்தால் கரி ஆகிவிட்டது என்று அர்த்தம். நடுவில் மண் வெடித்துக் காற்று புகுந்துவிட்டால் சாம்பல்தான் மிஞ்சும். அதனால் ராத்திரியும் ஒரு ஆள் விழித்திருந்து வெடிப்பை அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மாற்று எரிபொருள் பேச்சில் அதிகம் நடக்கிற தவறு இந்த மூட்டத்திலேயே இருக்கிறது. விறகைவிடக் கரிக்குச் சூடு இரட்டிப்பு, அதனால் கரியாக்குவதுதான் லாபம் என்பார்கள். காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 3,500 கிலோகலோரி, கரி சுமார் 7,000. சரி. ஆனால் நாட்டு மூட்டத்தில் ஒரு கிலோ கரி எடுக்க நாலைந்து கிலோ விறகு போட வேண்டும். ஐந்து கிலோ என்றே வைத்துக்கொள்ளுங்கள்: உள்ளே போட்டது 17,500, கைக்கு வந்தது 7,000. மீதி எல்லாம் வானத்துக்கு. கரி எடை குறைவு, லாரியில் வெகுதூரம் போகும், எரியும்போது புகையாது. விலை கிடைப்பது அதற்காகத்தான். பக்கத்து ஊர்ச் செங்கல் சூளைக்குப் போகிற விறகைக் கரியாக்கினால் நஷ்டம்தான்.

இதே கணக்கு பெட்ரோலிலும் உண்டு. கரும்பு, மக்காச்சோளம் மாதிரிப் பயிரிலிருந்து எடுக்கிற எத்தனால் என்ற சாராயத்தை அதில் கலக்கிறார்கள். எத்தனாலில் இருக்கும் ஆற்றல், லிட்டருக்கு லிட்டர், பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். இருபது சதவீதம் கலந்தால் ஆற்றல் ஆறேழு சதவீதம் குறையும். மைலேஜ் கொஞ்சம் இறங்கியதும் பங்க்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது ஈரம். எத்தனால் தண்ணீரை இழுக்கும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். கீழக்கரைப் பக்கம் வெளிநாடு போகிறவர்கள் டேங்க்கை நிரப்பி, வண்டிக்கு உறை போட்டுவிட்டுப் போவது பழைய பழக்கம். துருப்பிடிக்காமல் இருக்க அது அப்போது சரி. இப்போது, இரண்டு வருஷத்துக்கு என்றால், டேங்க்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிட்டுப் போவதே நல்லது.

அப்புறம் மெகாவாட். கமுதி சூரிய மின் நிலையம் 648 மெகாவாட், வழுதூர் எரிவாயு நிலையம் 187. உடனே மூன்று மடங்கு என்று முடிவுகட்டிவிடுகிறோம். மெகாவாட் என்பது வண்டியின் உச்ச வேகம் மாதிரி. யூனிட்தான் ஓடிய தூரம். ராத்திரி, மேகம், தகட்டில் படியும் புழுதி எல்லாம் சேர்த்தால் சூரியத் தகடு வருஷ சராசரியில் தன் திறனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் தரும். வாயு தடையில்லாமல் வந்தால் வழுதூர் ராத்திரியும் ஓடும்.

வெளிநாட்டைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்வதும் உண்டு. 1973-ல் எண்ணெய் விலை ஏறியதில் அடிபட்ட பிரேசில், 1975-ல் எத்தனால் திட்டத்தைத் தொடங்கி அதில் நின்று ஜெயித்தது. அங்கே கரும்பு பெரும்பாலும் மழையிலேயே விளைகிறது. சக்கையை எரித்தே ஆலை ஓடுகிறது. கண்மாய் நிறைந்தால்தான் நெல் என்றிருக்கும் முதுகுளத்தூரில் அந்தப் பாடம் செல்லாது. டீசலுக்கு மாற்றாக எண்ணெய் எடுக்கச் சொன்ன காட்டாமணக்கும் அப்படித்தான். 2003-ல் மத்திய அரசின் திட்டக் குழு அறிக்கை அதைத் தூக்கிப் பிடித்தது. தண்ணீரில்லாத தரிசிலும் வளரும் என்றார்கள். வளர்ந்தது. காய்க்க மட்டும் அதற்கும் தண்ணீர் வேண்டியிருந்தது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, உள்ளூரில் விளைந்த எரிபொருள் என்றால் இறக்குமதிக் கவலையே இல்லை என்று நினைப்பது. வியட்நாமுக்கும் வங்கதேசத்துக்கும் மக்காச்சோளம் விற்ற நாடு நம்முடையது. அது எத்தனால் ஆலைக்குப் போகத் தொடங்கியதும், 2024-ல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வாங்க வேண்டி வந்தது. கச்சா எண்ணெய்க் கப்பல் குறைந்தால், சோளக் கப்பல் வருகிறது. கோழித் தீவனம் விலை ஏறினால் முட்டையும் ஏறும்.

எதிர்த் திசையிலும் இதைப் பார்க்கலாம். இந்தோனேசியா தன் டீசலில் பாமாயில் கலக்கிறது: 2023-ல் 35 சதவீதம், 2025-ல் 40. அங்கே லாரி குடிக்கிற எண்ணெய், இங்கே பொரிக்க வர வேண்டியது. 2022 ஏப்ரல் 28 அன்று, உள்நாட்டில் சமையல் எண்ணெய் விலையை அடக்க, அந்த நாடு பாமாயில் ஏற்றுமதியையே நிறுத்தியது. மே 23 வரை தடை நீடித்தது. ஜகார்த்தா டீசலில் கலப்பு அளவை மாற்றுகிறது என்று செய்தி வந்தால் அதை எரிபொருள் செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது. பரமக்குடியில் புரோட்டாக் கடை வைத்திருப்பவர் மறுநாள் எண்ணெய் டின் விலையைக் கேட்டுவைப்பது நல்லது.