பெர்கனுக்குப் போகும் சென்னைக்காரர்களுக்கு: எதை முன்பதிவு செய்வது, எதைச் செய்யக் கூடாது

நார்வேயின் மேற்குக் கரையில் இருக்கும் பெர்கன் துறைமுக நகரத்துக்கு நம்மூரிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் நாலு நாடு சுற்றும் பயணத்தின் கடைசியில் ஒன்றரை நாள் ஒதுக்குகிறார்கள், அந்த ஒன்றரை நாளும் மழையில் போய்விடுகிறது, திரும்பி வந்து "அங்கே பார்க்க ஒன்றும் இல்லை" என்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. ஊரில் குறை இல்லை, திட்டத்தில்தான் குறை. பெர்கனுக்கு நான்கு முழு நாள் கொடுங்கள். எதற்குத் தேதி போட்டு டிக்கெட் வாங்குவது, எதற்கு வாங்கவே கூடாது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். மீதியெல்லாம் எளிது.

மழையிலிருந்து ஆரம்பிக்கலாம். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது, அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். பெர்கனில் 2,200 மில்லிமீட்டருக்கு மேல், அதுவும் 200 நாளுக்கு மேல் பரவிப் பெய்கிறது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று நகரைச் சூழ்ந்த மலைகளில் முட்டி, மேலேறிக் குளிர்ந்து, அங்கேயே மழையாக இறங்கிவிடுகிறது. 2006 அக்டோபர் கடைசியில் பிடித்த மழை 2007 ஜனவரி வரை 85 நாள், ஒருநாள் விடாமல் பெய்தது. ஆனால் அது பெரும்பாலும் தூறலும் சாரலும்தான், வேளச்சேரியில் பார்க்கிற மாதிரி முழங்கால் தண்ணீர் கிடையாது. பள்ளியும் நிற்காது, கடையும் மூடாது. "விடட்டும், போகலாம்" என்று ஹோட்டல் ஜன்னலில் நிற்பவருக்குத்தான் நாள் வீண்.

மே, ஜூன் இரண்டும் ஒப்பீட்டளவில் மழை குறைந்த மாதங்கள். நம் பள்ளிக் கோடை விடுமுறைக்கும் அது பொருந்தி வருகிறது. ஜூனில் இரவு 11 மணிவரை வெளிச்சம் இருக்கும், குழந்தைகளைத் தூங்க வைக்கத் தடித்த திரையோ கண்பட்டையோ வேண்டியிருக்கும். மே 17 நார்வேயின் தேசிய தினம். ஊரே பாரம்பரிய உடையில் ஊர்வலம் போகும், பார்க்க அத்தனை அழகு, ஆனால் அன்று கடைகள் கிடையாது, அறை வாடகையும் ஏறியிருக்கும். டிசம்பரில் பிற்பகல் மூன்றரைக்கே இருட்டிவிடும், முதல் பயணத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

உடை விஷயத்தில் நான் கண்டிப்பாகவே இருப்பேன். குடை வேண்டாம், காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும். தலைமூடியுடன் கூடிய, நிஜமாகவே நீர் புகாத மழைக்கோட்டு ஆளுக்கு ஒன்று, நீர் புகாத ஷூ ஆளுக்கு ஒரு ஜோடி. இரண்டுமே சென்னையில் டெக்கத்லானில் கிடைக்கும், பெர்கன் போய் வாங்கினால் கையைக் கடிக்கும். ஜீன்ஸ் நனைந்தால் இரண்டு நாளுக்குக் காயாது, அதனால் சட்டென்று காயும் துணியில் பேன்ட் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு தெர்மல், நடுவில் ஒரு ஸ்வெட்டர், மேலே மழைக்கோட்டு. ஜூனில்கூட மலை உச்சியில் இது மூன்றும் தேவைப்படும். பெரிய கனமான பனிக்கோட்டு கோடையில் வெறும் சுமை.

விசா, பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாதான். நார்வே குடியேற்றத் துறையின் தளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, கட்டணத்தை ஆன்லைனில் கட்டி, அப்புறம் விசா விண்ணப்பங்களை வாங்கும் சென்னை வி.எஃப்.எஸ். மையத்தில் நேரம் வாங்கிக் கைரேகை கொடுக்க வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், மே மாதப் பயணத்துக்கு ஜனவரி, பிப்ரவரியிலேயே கொடுத்துவிடுங்கள், ஏப்ரலில் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். வங்கிக் கணக்கில் கடைசி வாரம் திடீரென்று பெரிய தொகை போட்டுக் காட்டுவது சந்தேகத்தைத்தான் கிளப்பும். மாதாமாதம் சம்பளம் வந்து போகிற கணக்கே போதும், பணம் எங்கிருந்து வருகிறது என்று தெளிவாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

சென்னையிலிருந்து பெர்கனுக்கு நேரடி விமானம் இல்லை. நான் எல்லோருக்கும் சொல்லும் வழி: துபாய் அல்லது தோஹா வழியாக ஆஸ்லோவில் இறங்கி, ஒருநாள் அங்கே இளைப்பாறி, பெர்கனுக்கு ரயிலில் போங்கள். ஏறக்குறைய ஏழு மணி நேரம். 1909-இல் திறந்த பாதை இது, மரமே முளைக்காத பீடபூமியைக் கடந்து போகிறது, வழியில் ஃபின்ஸே நிலையம் 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன் தொடக்கத்தில்கூட அங்கே பனி கிடக்கும். பனியைப் பார்க்கவென்று தனியாக வேறெங்கும் செலவழிக்க வேண்டாம். டிக்கெட்டைச் சீக்கிரம் வாங்கினால் விலை நன்றாகவே குறையும். திரும்பும்போது பெர்கனிலிருந்தே விமானம் ஏறுங்கள், விமான நிலையத்துக்கும் நகர மையத்துக்கும் இடையே பீபானன் என்ற டிராம் ஓடுகிறது, முக்கால் மணி நேரம், விமான நிலையப் பேருந்தைவிட மலிவு. டிராமில் ஏறும் இடத்தில் கதவோ தடுப்போ இருக்காது, ஆனால் பரிசோதகர் வருவார், செயலியிலோ இயந்திரத்திலோ டிக்கெட் வாங்கிக்கொண்டே ஏறுங்கள். அறையை அந்த டிராம் நிறுத்தம் ஏதாவது ஒன்றின் பக்கத்தில் பாருங்கள், பெட்டியைக் கல் பாவிய ஏற்றத் தெருக்களில் இழுப்பது பெரியவர்களுக்கு ஆகாது.

சரி, அந்த நான்கு நாளை எப்படிப் பிரிப்பது? மழையிலும் அழகாக இருப்பவை, மழையில் காணாமலே போய்விடுபவை என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஃபியோர்டு, அதாவது பனியாறு குடைந்து கடல் உள்ளே புகுந்த நீண்ட பள்ளத்தாக்கு, முதல் வகை. மழை பெய்தால்தான் பாறைச் சுவர்களில் அருவிகள் நூறு இழையாக இறங்கும். அதனால் ஃபியோர்டுக்குத் தைரியமாகத் தேதி போட்டு முன்பதிவு செய்யலாம், கோடையில் செய்தே ஆக வேண்டும். காலையில் பெர்கனிலிருந்து ரயிலில் வோஸ், அங்கிருந்து பேருந்தில் குட்வாங்கன், அங்கே மின்கலத்தில் ஓடும் சத்தமில்லாத படகில் இரண்டு மணி நேரம் நேரோய்ஃபியோர்டு வழியாக ஃப்ளோம், பிறகு மலை ரயிலில் மீர்டால், அங்கிருந்து மறுபடி பெர்கன். நேரோய்ஃபியோர்டு மிகக் குறுகிய இடத்தில் 250 மீட்டர்தான் அகலம். ஃப்ளோம் ரயில் 20 கிலோமீட்டரில் 866 மீட்டர் ஏறுகிறது. நீலகிரி ரயில் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது, இது பல்சக்கரமே இல்லாமல் ஏறுகிறது. இதை ஒரே தொகுப்பாக விற்கிறார்கள். அதே ரயில், அதே படகு, அதே பேருந்துக்குத் தனித்தனியாகவும் டிக்கெட் வாங்கலாம், விலையை ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள். முழுநாள் அலைய முடியாத பெரியவர்கள் கூட இருந்தால், துறைமுகத்திலிருந்தே கிளம்பி மூன்றரை மணி நேரத்தில் திரும்பும் மோஸ்ட்ராவுமன் படகு நல்லது.

மலை இரண்டாம் வகை. ஃப்ளோயன் மலைக்கு 1918-லிருந்து இழுவை ரயில் ஓடுகிறது, சில நிமிடத்தில் 320 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். மேகம் இறங்கியிருந்தால் மேலே போய் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். இதற்குத் தேதி போடவே போடாதீர்கள். நார்வே வானிலைத் துறையினரின் யர் செயலியில் மணிக்கு மணி கணிப்பு வரும், எப்போது மேகம் விலகுகிறதோ அப்போது கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு ஏறுங்கள். கப்பல் சுற்றுலாப் பயணிகள் காலை பத்திலிருந்து மாலை நாலுவரை வரிசையை அடைத்துக்கொண்டிருப்பார்கள். காலை எட்டு மணி அல்லது இரவு ஒன்பது மணி சரியான நேரம், ஜூனில் ஒன்பதுக்கு நல்ல வெயில் அடிக்கும். ஏறப் போகும் டிக்கெட் மட்டும் வாங்கிக்கொண்டு காட்டுப் பாதையில் நடந்து இறங்கினால் முக்கால் மணி நேரம், எனக்கு ஊரிலேயே பிடித்த நடை அது. 643 மீட்டர் உயர உல்ரிக்கனுக்குக் கம்பிவட ஊர்தி இருக்கிறது, அதற்கும் இதே விதி.

மழை விடாமல் பெய்யும் நாளை பிரிக்கனுக்குக் கொடுங்கள். துறைமுகத்தை ஒட்டி சிவப்பும் காவியும் மஞ்சளுமாக வரிசையாக நிற்கும் மரவீடுகள், 1979-லிருந்து யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். எல்லோரும் எதிர்ப்புறத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நீங்கள் வீடுகளுக்கு நடுவே இருக்கும் ஒடுங்கிய சந்துகளுக்குள் போங்கள், பலகைத் தரை ஈரத்தில் வழுக்கும், பார்த்து நடங்கள். 1360 வாக்கில் ஹான்ஸா என்ற ஜெர்மன் வணிகக் கூட்டமைப்பு இங்கே கிடங்கும் அலுவலகமும் போட்டு, 1754 வரை வியாபாரம் செய்தது. சரக்கு எது தெரியுமா? கருவாடு. வடக்கே லோஃபோட்டன் தீவுகளில் காட் மீனை உப்பே போடாமல், பிப்ரவரியிலிருந்து மே வரை மரச்சட்டத்தில் தொங்கவிட்டுக் காற்றிலேயே காய வைப்பார்கள். குளிரில் ஈ வராது, அழுகாது. காசிமேட்டு வெயிலில் உப்பு இல்லாமல் அது நடக்காது. அந்தக் கருவாட்டைக் கொடுத்து, குளிர் நாட்டில் விளையாத தானியத்தை வாங்கினார்கள். வணிகர்கள் தங்கள் சின்னத்திலேயே கழுகுக்குப் பக்கத்தில் கிரீடம் வைத்த கருவாட்டைப் போட்டுக்கொண்டார்கள்!

மர வீடு என்பதால் தீ எப்போதும் பயம். வீடுகளுக்குள் அடுப்பு மூட்டத் தடை, குளிர்காயவும் சமைக்கவும் பின்னால் தனிக் கூடங்கள் கட்டியிருந்தார்கள். அப்படியும் பலமுறை எரிந்தது, இப்போது நாம் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை 1702 தீக்குப் பிறகு பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டியவை. 1955 தீக்குப் பிறகு தோண்டிப் பார்த்தபோது ரூனிக் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்தைக் கீறிய நூற்றுக்கணக்கான குச்சிகள் கிடைத்தன. அரச ஆணைகள் குறைவு, சரக்குச் சீட்டு, கடன், காதல் என்று சாதாரண மனிதர்கள் கீறியவைதான் அதிகம். ஒன்றில் "கீடா உன்னை வீட்டுக்கு வரச் சொல்கிறாள்" என்று இருக்கிறது. கீழடிப் பானை ஓட்டில் பெயர்களைப் பார்த்துச் சிலிர்த்தவர்கள் பிரிக்கன்ஸ் அருங்காட்சியகத்தை விடவே கூடாது, தோண்டிய இடத்தின் மேலேயே அதைக் கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் 1261-இல் கட்டிய ஹாக்கோன் மண்டபம் இருக்கிறது, 1944-இல் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்ததில் சிதைந்து, திரும்பக் கட்டியது.

மார்கழிக் கச்சேரிக்குப் போகிறவர்கள் ட்ரோல்ட்ஹௌகன் போக வேண்டும். இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக் வாழ்ந்த வீடு. கோடையில் மதிய நேரத்தில் சின்னப் பியானோ கச்சேரி நடக்கும், வாசிப்பவருக்குப் பின்னால் கண்ணாடி வழியாக கிரீக் இசை எழுதிய குடிசையும் ஏரியும் தெரியும். டிராமில் ஹாப் நிறுத்தத்தில் இறங்கி நடக்கலாம்.

பணம் என்றால் கார்டு. பழக்கடையிலிருந்து கழிப்பறை வரை கார்டுதான், ரொக்கம் கிட்டத்தட்ட தேவையே இல்லை. இயந்திரம் ரூபாயிலா, நார்வே நாணயமான குரோனரிலா என்று கேட்டால் எப்போதும் குரோனரைத் தேர்ந்தெடுங்கள், ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் நஷ்டம்.

சாப்பாட்டுக்கு சமையலறை உள்ள அறை எடுத்துவிடுங்கள். உணவகத்தில் ஒருவேளை சாப்பிடும் காசில் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிக் குடும்பமே இரண்டு வேளை சாப்பிடலாம், ரேமா 1000, கிவி இரண்டும் மலிவான கடைகள். அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் கிடைக்கும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோங்கள். நெய், பால்கோவா, இறைச்சி எதுவும் பெட்டியில் வேண்டாம், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர அனுமதி இல்லை. கடுகு தாளிக்கும்போது புகைபோக்கியைப் போட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள், புகை அலாரம் கட்டிடம் முழுக்க அலறும். மீன் சாப்பிடுகிறவர்கள் பாலாடை போட்ட மீன் சூப்பை ஒருமுறையாவது சாப்பிட்டுப் பாருங்கள், மீன் சந்தையில் மட்டும் எடை போடும் முன் விலை கேளுங்கள். குழாய்த் தண்ணீர் அருமை, பாட்டில் வாங்காதீர்கள், வாங்கினாலும் காலி பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டால் முன்பணம் திரும்ப வரும். ஈழத் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் நாடு என்பதால் டிராமில் தமிழ் காதில் விழலாம், வணக்கம் சொல்லுங்கள், தமிழ்ச் சாமான் கடை எங்கே என்று அவர்களுக்குத்தான் தெரியும். அப்புறம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் மூடியிருக்கும், அன்றைக்கு வேண்டிய பால், தயிர், காய்கறியைச் சனிக்கிழமை மாலைக்குள் வாங்கி வைத்துவிடுங்கள்.