8 நானோமீட்டர் வெள்ளியில் கரண்ட் ஓட வைப்பது எப்படி

ஒளி ஊடுருவும் எலக்ட்ரோடாகப் போடும் ஐடிஓ (இண்டியம் டின் ஆக்சைடு) படலம் வளைத்தால் விரிசல் விடும் என்று அலுத்துப்போய் வெள்ளிக்கு வருபவர்கள் எல்லாரும் முதலில் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். நானும் அப்படித்தான், வெறும் கண்ணாடியில் 8 நானோமீட்டர் வெள்ளியை ஆவியாக்கிப் படியவைத்து வெளியே எடுத்தால் ஊதா சாயலில் இருந்தது, மீட்டரை வைத்தால் ரீடிங்கே இல்லை. தாமரை இலைத் தண்ணீர் கதைதான். வெள்ளி அணுக்கள் கண்ணாடியில் ஒட்டுவதைவிடத் தங்களுக்குள்தான் அதிகம் ஒட்டும், அதனால் தீவு தீவாகத் திரண்டு நிற்கும். கரண்டும் போகாது, ஒளியையும் விழுங்கும்.

தடிமனைக் கூட்டினால் கரண்ட் போகும், ஆனால் ஒளி போய்விடும். அதற்குப் பதில் முதலில் 1 நானோமீட்டர் தாமிரம் போடுங்கள். வெள்ளி அதில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், 8 நானோமீட்டரிலேயே படலம் முழுசாகச் சேர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் வெற்றிட சேம்பரைத் திறக்காதீர்கள், தாமிரம் காற்றுப் பட்டதும் ஆக்சைடு ஆகிவிடும்.

அப்புறம் வேகம். வினாடிக்கு 0.1 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது 0.1 நானோமீட்டர்) என்று பொறுமையாகப் போட்டால் நல்லது என்றுதான் தோன்றும். வெள்ளிக்கு அது நேர் எதிர், அணுவுக்கு அலைய நேரம் கொடுத்தால் அது போய்ப் பக்கத்துத் தீவில் சேர்ந்துகொள்ளும், அதனால் வினாடிக்குச் சில ஆங்ஸ்ட்ராம் வேகத்தில் போடுங்கள், சப்ஸ்ட்ரேட், அதாவது அடியில் இருக்கும் கண்ணாடி, சூடாகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி பிரதிபலிக்கும் இல்லையா, அதைக் குறைக்க மேலே 30 முதல் 45 நானோமீட்டர் மாலிப்டினம் ஆக்சைடு. எனக்கு இதுதான் கை கொடுத்தது. சரியான தடிமன் உங்கள் சாதனம் எந்த நிற ஒளியில் வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தது, இரண்டு மூன்று சாம்பிள் போட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

எது நல்ல எலக்ட்ரோடு என்று பார்க்க 1976இல் ஹாக்கே என்ற ஆய்வாளர் சொன்ன கணக்கு போதும்: ஒளி ஊடுருவலின் (90 சதவீதம் என்றால் 0.9) பத்தாம் அடுக்கை ஷீட் ரெசிஸ்டன்ஸால் (படலத்தின் ஒரு சதுரத் துண்டின் மின்தடையால்) வகுக்க வேண்டும். 90 சதவீதம், 8 ஓம் என்றால் 0.044 வரும். 80 சதவீதம், 4 ஓம் என்றால் 0.027தான். ரெசிஸ்டன்ஸ் பாதியானாலும் தோற்றுவிட்டது பாருங்கள். இன்னொன்று, வெறும் கண்ணாடியே பிரதிபலிப்பில் சுமார் 8 சதவீதம் ஒளியைத் தின்னும், அதைக் கழித்த எண்ணா கழிக்காத எண்ணா என்று சாம்பிள் பெட்டியிலேயே எழுதி வையுங்கள்.

ஒரு வாரம் கழித்து அதே சாம்பிளை மறுபடி அளந்து பாருங்கள். ரெசிஸ்டன்ஸ் ஏறியிருந்தால் முதலில் ஓரங்களைப் பாருங்கள், மேல் படலம் மூடாத இடத்தில்தான் வெள்ளி முதலில் கறுக்கும்.