கேட்டுக்கு உள்ளே: பட்டாளத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்குப் போகும் வழி

வட ஆர்க்காட்டுக்காரர்களுக்குப் பட்டாளம் புதிதில்லை. கணியம்பாடி பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அந்த ஊர் மட்டுமில்லை, குடியாத்தம், அணைக்கட்டு, சோளிங்கர் என்று எந்தப் பக்கம் போனாலும் சர்வீஸ் முடித்து வந்தவர் ஒருவராவது தெருவில் இருப்பார். பதினைந்து, பதினேழு வருஷம் முடித்து ஊர் திரும்பும்போது வயது நாற்பதைத் தொட்டிருக்காது. பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள், பென்ஷன் பாதிச் செலவுக்குத்தான் வரும். கிடைக்கிற முதல் வேலை பெரும்பாலும் செக்யூரிட்டி. ஏடிஎம் வாசல், ஆஸ்பத்திரி வாசல், இல்லையென்றால் சிப்காட் கம்பெனியின் கேட்.

அதே கேட்டுக்கு உள்ளே வெல்டர் இல்லை, மெயின்டனன்ஸுக்கு ஆள் நிலைக்கவில்லை என்று புரொடக்‌ஷன் இன்சார்ஜ் தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார். செக்யூரிட்டி வேலையை நான் மட்டமாகச் சொல்லவில்லை. ஆனால் ராணுவத்தின் இயந்திரப் பழுதுபார்ப்புப் பிரிவான இ.எம்.இ.யில் பதினாறு வருஷம் டாங்கி எஞ்சினைப் பிரித்து மாட்டிய மனிதர், லாரி நம்பரை ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அநியாயம். உள்ளே போக என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றுமே தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி வரிசையாகச் சொல்கிறேன். ஜவான், நாயக், ஹவில்தார், சுபேதார் போன்ற ஜேசிஓ நிலையில் வந்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். அதிகாரிகளின் பாதை வேறு.

படி 1: செய்த வேலையைத் தாளில் எழுதுங்கள்

டிஸ்சார்ஜ் புக்கை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் ட்ரேடு இருக்கும். இ.எம்.இ., பெங்களூரு எம்.இ.ஜி. (மெட்ராஸ் என்ஜினியர் குரூப்), சிக்னல்ஸ், கடற்படை, விமானப்படை டெக்னீஷியன் என்றால் உங்களிடம் தொழில் ஏற்கெனவே இருக்கிறது. டிரைவர், ஸ்டோர்கீப்பர் என்றால் பாதி இருக்கிறது.

"நான் ஜிடி (ஜெனரல் டியூட்டி) சார், எனக்கு ட்ரேடே கிடையாது, துப்பாக்கிதான் தூக்கினேன்" என்பவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவர்கள் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒழுக்கம், நேரம் தவறாமை எல்லாம் வேலையில் சேர்ந்த பிறகு உதவும். அதை மட்டும் காட்டி உள்ளே போக முடியாது.

தாளில் எழுதும்போது பதவியை எழுதாதீர்கள், வேலையை எழுதுங்கள். "ஹவில்தார், வெஹிக்கிள் மெக்கானிக், 16 வருஷம்" என்று எழுதினால் கம்பெனிக்காரருக்கு ஒன்றும் விளங்காது. "ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஓவர்ஹால், கியர்பாக்ஸ், ஏர் பிரேக், ஹைட்ராலிக் லைன் வேலை தெரியும். எட்டு பேர் கொண்ட ஒர்க்‌ஷாப் குழுவை நடத்தியிருக்கிறேன். உதிரிபாகக் கணக்கு வைத்திருக்கிறேன்" என்று எழுதிப் பாருங்கள். அந்தத் தாள் மெயின்டனன்ஸ் மேனேஜர் மேஜைக்குப் போகும்.

படி 2: காகிதங்களைச் சரிசெய்யுங்கள்

சலிப்பான வேலைதான். ஆனால் பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

முதலில் பெயர். நம் ஊர் வழக்கப்படி ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும். டிஸ்சார்ஜ் புக்கில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் ஒட்டியிருக்கும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் மூன்றாவது விதமாக இருக்கும். பிறந்த தேதியில்கூட வித்தியாசம் வரும். கம்பெனியில் சேர்ந்து பிஎஃப் கணக்கு தொடங்கும்போது இது கழுத்தைப் பிடிக்கும். எனவே ஆதார், பான், பேங்க் பாஸ்புக், பிபிஓ என்கிற பென்ஷன் ஆணை, டிஸ்சார்ஜ் புக் ஐந்தையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் வேலை தேடத் தொடங்கும் முன்பே திருத்துங்கள்.

அடுத்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அடையாள அட்டை வாங்கி, வேலைவாய்ப்புக்கும் பதிவு செய்யுங்கள். பதிவை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். மறந்துவிட்டு, அழைப்பே வரவில்லை என்று குறைப்படுபவர்கள் உண்டு.

இன்னும் சர்வீஸில் இருக்கிறீர்களா? உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. டிஜிஆர் என்கிற மறுவாழ்வு இயக்குநரகம், ஓய்வுக்கு முந்தைய கடைசி வருஷத்தில் தொழில் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. ஜவான்களுக்கும் ஜேசிஓக்களுக்கும் கட்டணத்தை அரசே கொடுத்துவிடும். யூனிட்டில் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். செக்யூரிட்டி சம்பந்தப்பட்ட வகுப்பும் அதில் இருக்கும், கம்ப்யூட்டர் வகுப்பும் இருக்கும். எது எளிதாக முடியும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஊருக்குப் போனால் எந்த மெஷின் முன்னால் நிற்கப் போகிறோம் என்று யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

கையில் வேலை இருந்தும் ஐடிஐ சான்றிதழ் இல்லாதவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, முன் அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் ஆர்பிஎல் திட்டம். சீக்கிரம் முடிந்துவிடும், ஆனால் கம்பெனிகளிடம் அதற்கு மதிப்பு கொஞ்சம் குறைவுதான். இரண்டாவது, அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது. அறிவிப்பு வரும்போது ஐடிஐயில் விசாரித்து விண்ணப்பிக்க வேண்டும். முதனிலைத் தேர்வு, செய்முறை என்று கொஞ்சம் இழுக்கும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் நல்லது. ஃபிட்டர், டர்னர், வெல்டர் என்று தேசியச் சான்றிதழ் கையில் இருந்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

படி 3: நம் பக்கத்தில் என்ன வேலை இருக்கிறது

வேலூர் ஊருக்குள் பெரிய தொழிற்சாலைகள் குறைவு. ராணிப்பேட்டைதான் மையம், பஸ்ஸில் போய்வரும் தூரம். அங்கே மத்திய அரசு நிறுவனமான பெல்லின் (BHEL) தொழிற்சாலை இருக்கிறது. அனல்மின் நிலையங்களுக்கான சாம்பல் பிடிக்கும் இஎஸ்பி, பெரிய விசிறிகள், ஏர் ப்ரீஹீட்டர் எல்லாம் அங்கே செய்கிறார்கள். அதைச் சுற்றி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் சிப்காட் முழுக்க இருக்கின்றன. பெல்லுக்கு ஆர்டர் குறைந்த காலத்தில் இந்தப் பட்டறைகள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். அதனால் ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்கும் பட்டறையா என்று சேருமுன் விசாரிப்பது நல்லது.

சேம் டாய்ட்ஸ் ஃபார் டிராக்டர் கம்பெனியும் ராணிப்பேட்டைதான். டீசல் மெக்கானிக்காக இருந்தவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம். சோளிங்கரில் பிரேக்ஸ் இந்தியாவின் ஃபவுண்டரி இருக்கிறது. பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் கார் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அரக்கோணம், காவேரிப்பாக்கம் பக்கத்து ஆட்கள் அதைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி என்றதும் தோல், ஷூ என்று ஒதுக்கிவிடாதீர்கள். தோல் தொழிற்சாலைகளில் பாய்லர் உண்டு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. பாய்லர் ஓட்டச் சான்றிதழ் பெற்ற ஆள் வேண்டும். கடற்படையில் எஞ்சின் ரூமில் இருந்தவருக்கு நீராவி, வால்வு, பிரஷர் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. பாய்லர் அட்டெண்டன்ட் தேர்வு எழுதிவிட்டால் போதும்.

படி 4: கற்றுக்கொள்ளுங்கள்

எந்தத் தொழிலானாலும் முதலில் அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இதைத்தான் ஆயிரம் தடவை சொல்வேன். வெர்னியர் காலிப்பர், மைக்ரோமீட்டர் இரண்டும் கைக்குப் பழக வேண்டும். வீட்டில் இருக்கும் போல்ட், பேரிங், சைக்கிள் உதிரி எதையாவது அளந்து எழுதிப் பழகலாம்.

ஏன் என்று ஒரு உதாரணம். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி லேத்தில் 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் ஓடுகிறது என்று வையுங்கள். டிராயிங்கில் 25.00க்கு மேலே போகக் கூடாது, 24.98க்குக் கீழே இறங்கக் கூடாது என்று இருக்கிறது. சாதாரண வெர்னியர் 0.02 வரைதான் காட்டும். அதாவது அனுமதித்த வித்தியாசம் முழுவதும் வெர்னியரின் ஒரே ஒரு கோடு. அதை வைத்து ஓகே சொல்ல முடியாது, 0.01 காட்டும் மைக்ரோமீட்டர்தான் வேண்டும். டூல் தேயத் தேய ஷாஃப்ட் பருத்துக்கொண்டே வரும். 25.01 வந்துவிட்டால், நடு அளவான 24.99க்குக் கொண்டுவர மெஷினில் அளவைத் திருத்தும் ஆஃப்செட்டில் மைனஸ் 0.02 கொடுக்க வேண்டும். மைனஸ் விட்டுப்போனால் அடுத்த பீஸ் 25.03. அதையாவது மறுபடி கடையலாம். அளவு குறைந்துபோனால் அந்த பீஸ் ஸ்க்ராப்தான். பட்டன் அழுத்த யாருக்கும் தெரியும். இந்தக் கணக்கு தெரிந்தவருக்குத்தான் ஆபரேட்டர் சம்பளம்.

வெல்டிங்கில் வேறு மாதிரிச் சிக்கல். படையில் வெல்டராக இருந்தவர் உடைந்த சேஸிஸ், பிராக்கெட் என்று ரிப்பேர் வேலை செய்திருப்பார், அதுவும் ராடு வைத்து. நம் ஊர் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் தகடு வேலை அதிகம், ராடுக்குப் பதில் ஓடும் கம்பியும் வாயுவும் வைத்துச் செய்யும் சிஓ2 வெல்டிங் கேட்பார்கள். கை பழகியவருக்கு அது சில வாரத்தில் பிடிபடும். நல்ல சம்பளம் பைப் வெல்டிங்கில் இருக்கிறது. 6ஜி டெஸ்ட் என்பார்கள். பைப்பை 45 டிகிரி சாய்வில் மாட்டிவிடுவார்கள், திருப்பக் கூடாது. நீங்கள்தான் சுற்றிச் சுற்றி, குனிந்து, ஒருக்களித்துப் போட வேண்டும். முதல் ரன் ஆர்கான் வாயு வெல்டிங்கில், அப்புறம் ராடில் நிரப்புவது வழக்கம். 7018 என்ற ரக ராடை ஓவனில் சூடாக வைத்திருந்து எடுக்க வேண்டும். ஈரம் ஏறிய ராடு உள்ளே ஓட்டை விடும், மேலே பார்த்தால் அழகாக இருக்கும், எக்ஸ்ரேயில் மாட்டிக்கொள்ளும். இந்த அளவுக்குப் போக விரும்புபவர்கள் திருச்சி பெல்லில் இருக்கும் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனத்தின் பயிற்சிகளை விசாரிக்கலாம்.

ஐடிஐ பற்றி: தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 4.0 என்கிற நவீனத் தொழில்நுட்பத் தரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். சிஎன்சி, ரோபாட், எலக்ட்ரிக் வாகனம் என்று புதுப் பாடங்கள் வந்திருக்கின்றன. ஆனால் ஆண்களுக்கு 40 வயது வரைதான் சேர்க்கை. முப்பத்தெட்டில் வந்துவிட்டு இரண்டு வருஷம் யோசித்துக்கொண்டிருந்தால் கதவு மூடிவிடும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. செட்டில்மென்ட் பணம் வந்திருக்கும் வாசனை சிலருக்கு எப்படியோ எட்டிவிடும். "ஒன்றரை லட்சம் கட்டுங்கள், பயிற்சி முடிந்ததும் வேலை உறுதி" என்று வருவார்கள். மெஷினைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை மெஷின், ஒரு ஆளுக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். போர்டும் புரொஜெக்டரும் மட்டும் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

படி 5: தேடுங்கள்

தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்தில் பதிவு செய்யுங்கள், கட்டணமில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு மையம் நடத்தும் முகாம்களுக்குப் போங்கள், ஆனால் அங்கே இருபது வயதுப் பையன்களுக்கான வேலையே அதிகம். அனுபவம் உள்ளவருக்கு நேரில் போவதுதான் பலிக்கும். காலை ஷிஃப்ட் ஓடத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள். கேட்டில் நிற்பவர் பெரும்பாலும் நம் ஆளாகத்தான் இருப்பார். "அண்ணே, நான் எம்.இ.ஜி.யில் இருந்தேன், மெயின்டனன்ஸ் இன்சார்ஜைப் பார்க்கணும்" என்று சொன்னால் வழி விடுவார். எந்த டிபார்ட்மெண்டில் ஆள் போதவில்லை என்பது ஹெச்.ஆரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். "ஒரு ட்ரேடு டெஸ்ட் வையுங்கள் சார்" என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.

பொதுத்துறை நிறுவனங்களில் முன்னாள் படைவீரர்களுக்கு குரூப் சி வேலைகளில் 14.5 சதவீதம் இடஒதுக்கீடு உண்டு. மத்திய அரசு வேலைகளில் உங்கள் சர்வீஸ் வருஷத்தை வயதிலிருந்து கழித்து, மீதி வயது உச்சவரம்பை மூன்று வருஷத்துக்கு மேல் தாண்டாமல் இருந்தால் போதும். அறிவிப்பு வந்தால் விண்ணப்பியுங்கள். அதற்காகக் காத்துக்கொண்டு மட்டும் உட்காராதீர்கள்.

அக்னிவீர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் சேர்ந்த அணிகளுக்கு நாலு வருஷம் 2026 கடைசியில் முடியத் தொடங்குகிறது. பென்ஷன் இல்லை, கையில் ஏறக்குறைய 11.71 லட்சம் சேவா நிதி. வயது இருபத்தேழுக்குள்தான் இருக்கும். தம்பி, உனக்கு ஐடிஐயில் முழுசாகப் படிக்கவே காலம் இருக்கிறது. வண்டி வாங்குவதற்கு முன் அதைச் செய்.

படி 6: சேரும்போது

உங்கள் சூப்பர்வைசருக்கு இருபத்தாறு வயது இருக்கலாம். டிப்ளமோ முடித்த பையன். அவனிடம் வேலை கேட்டுச் செய்ய மனம் ஒப்ப வேண்டும். படையில் வாங்கிய ரேங்க் ஷாப் ஃப்ளோரில் செல்லாது. ஆறு மாதம் பொறுத்தால், அந்தப் பையனே "அண்ணே, இது என்னன்னு பாருங்க" என்று வருவான்.

கம்பெனி ரோலா, கான்ட்ராக்டர் ரோலா என்று சேருமுன் கேளுங்கள். கான்ட்ராக்ட் என்றால் பிஎஃப் பிடிக்கிறார்களா, ஓவர்டைம் எப்படிக் கணக்கு என்பதையும் கேளுங்கள். தனியார் கம்பெனியில் சேர்ந்தால் ராணுவ பென்ஷன் நிற்காது, அந்தப் பயம் வேண்டாம். சம்பளம் 21,000 வரை இருந்தால் இஎஸ்ஐ பிடிப்பார்கள். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஹெச்எஸ் அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வரிதான் சிலருக்கு மார்ச் மாதத்தில் அதிர்ச்சி கொடுக்கிறது. பென்ஷனும் வரிக் கணக்கில் சம்பளம்தான். பென்ஷன் தரும் இடம் தனியாக, கம்பெனி தனியாகக் கணக்குப் போட்டால் இரண்டிலுமே வரி இல்லாதது போலத் தெரியும், கூட்டினால் வரி வரக்கூடும். எனவே சேர்ந்த மாதமே பென்ஷன் விவரத்தைக் கம்பெனி அக்கவுண்ட்ஸில் கொடுத்துவிடுங்கள், வரி இருந்தால் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள்.

சிலர் வேலைக்கே போகாமல் சொந்தப் பட்டறை போட நினைப்பார்கள். அதற்கு 2024 சுதந்திர தினத்தில் அறிவித்த முதல்வரின் காக்கும் கரங்கள் திட்டம் இருக்கிறது: 1 கோடி வரை வங்கிக் கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம். விண்ணப்பம் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக. லேத் வாங்குவதற்கு முன் இரண்டு வருஷமாவது இன்னொருவர் பட்டறையில் இருந்து, ஜாப் ஒர்க் யார் கொடுக்கிறார்கள், பில் பணம் எத்தனை நாளில் வருகிறது என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.