இடர்க்காரணியை எடைபோடுவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

மருத்துவப் பரிசோதனை அறிக்கை, முதலீட்டுத் திட்டத்தின் விளக்க ஆவணம், காப்பீட்டு விண்ணப்பம், ஆலைப் பாதுகாப்புக் கையேடு என எதை எடுத்தாலும் அதில் ‘இடர்க்காரணிகள்’ என்றொரு பட்டியல் இருக்கும். அதைப் படிப்பவர்களில் சிலர் தமக்குப் பொருந்தும் ஒரு வரியைக் கண்டதும் கலங்கிப் போகிறார்கள். வேறு சிலர், இது எல்லாருக்கும் எழுதுவதுதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். கூட்டல், வகுத்தல் தெரிந்த எவரும் ஓர் இடர்க்காரணியைத் தாமே எடைபோட முடியும் என்பதால், இந்த இரண்டுக்குமே அவசியமில்லை.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு பண்போ பழக்கமோ சூழலோ உள்ளவர்களுக்கு ஒரு தீங்கு, அது இல்லாதவர்களைவிட அதிக விகிதத்தில் நேர்ந்தால், அதை அந்தத் தீங்கின் இடர்க்காரணி என்கிறோம். 1948இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 5,209 பேரைச் சேர்த்துத் தொடங்கிய இதயநோய் ஆய்வு இப்படித்தான் நடந்தது. அவர்களின் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் முதலியவற்றை முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு, யாருக்கு மாரடைப்பு வருகிறது என்று ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். 1961இல் வெளியான அதன் ஆய்வுக் கட்டுரைதான் இடர்க்காரணி என்ற கருத்தை மருத்துவத்தில் வேரூன்றச் செய்தது. குழுவோடு குழுவை ஒப்பிட்டுக் கிடைத்த செய்தி இது என்பதை மறக்காதீர்கள். தனியொருவருக்கு என்ன நடக்கும் என்பதை அது முன்கூட்டிச் சொல்வதில்லை.

முதல் படி: தீங்கைப் பெயரிட்டு எழுதுங்கள்

‘உயர் ரத்த அழுத்தம் ஓர் இடர்க்காரணி’ என்பது பாதியில் நிற்கும் வாக்கியம். எந்தத் தீங்குக்கு, யாருக்கு, எவ்வளவு காலத்துக்குள் என்ற மூன்றையும் சேர்த்தால்தான் அது முழுமை பெறும். இரண்டு ஆண்டுகளில் திரும்ப எடுக்க வேண்டிய பணத்துக்குப் பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கம் பெரிய இடர். இருபது ஆண்டுகள் தொடாமல் வைக்கக்கூடிய பணத்துக்கோ, அதை மெல்ல மெல்லத் தேய்க்கும் பணவீக்கம் இன்னும் பெரிய இடராக இருக்கக்கூடும். பணம் அதேதான், காலம் மாறியதும் கவனிக்க வேண்டிய காரணியும் மாறிவிட்டது.

இரண்டாம் படி: நான்கு கட்டங்களையும் நிரப்புங்கள்

ஒரு தாளில் நான்கு கட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள். காரணி இருந்து தீங்கு நேர்ந்தவை, காரணி இருந்தும் தீங்கு நேராதவை, காரணி இல்லாமலே தீங்கு நேர்ந்தவை, இரண்டும் இல்லாதவை என்று அவற்றை நிரப்ப வேண்டும். நம் கண் இயல்பாகவே தீங்கு நேர்ந்தவற்றின் மேல் மட்டும் போய் நிற்கும் என்பதால், இந்தப் படியை யாரும் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட்ட 73 விநாடிகளில் சிதைந்து, அதிலிருந்த ஏழு பேரும் உயிரிழந்தனர். உந்துகலனின் இணைப்பிலிருந்து வாயு கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகி, தம் வேலையைச் செய்யத் தவறியதே அந்த விபத்தின் காரணம். குளிரைப் பற்றிய கவலை முந்தைய இரவே எழுந்து, நீண்ட விவாதமும் நடந்தது. ஆனால் அப்போது பார்க்கப்பட்டவை வளையங்களில் பாதிப்பு கண்ட 7 பயணங்கள் மட்டுமே. அவற்றில் குளிரான நாளும் இருந்தது, வெப்பமான நாளும் இருந்தது என்பதால் வெப்பநிலைக்கும் பாதிப்புக்கும் தொடர்பு இருப்பதாகத் தோன்றவில்லை. பாதிப்பே இல்லாத பயணங்களையும் சேர்த்து விசாரணைக் குழு பார்த்தபோது படம் முற்றிலும் மாறியது. ஏறத்தாழ 19 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் 3இல் மட்டும் பாதிப்பு. சுமார் 17 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்த 4 பயணங்களில் நான்கிலுமே பாதிப்பு. தேவையான எண்கள் அனைத்தும் முன்பே கையில் இருந்தன என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

மூன்றாம் படி: ‘எத்தனையிலிருந்து எத்தனைக்கு?’ என்று கேளுங்கள்

இரண்டு மடங்கு, 50 சதவீதம் அதிகம் என்பவை ஒப்பீட்டு எண்கள். தொடக்க எண் தெரியாதவரை அவற்றுக்கு எடை கிடையாது. 1995இல் பிரிட்டனில், புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் சில ரத்தக்கட்டு ஏற்படும் வாய்ப்பை இரட்டிப்பாக்குவதாக எச்சரிக்கை வெளியானது. செய்தி உண்மைதான். ஆனால் முந்தைய வகை மாத்திரையை எடுத்த பெண்களில் சுமார் 7,000 பேரில் ஒருவருக்கு ஏற்பட்டது, புதிய வகையில் 7,000 பேரில் இருவருக்கு என்றாகியிருந்தது. அந்த ‘நூறு சதவீத’ உயர்வு என்பது 7,000 பேரில் கூடுதலாக ஒருவர், அவ்வளவே. அச்சத்தில் பல பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் ஏறத்தாழ 13,000 கூடின என்று மதிப்பிடப்படுகிறது. கர்ப்பகாலமே ரத்தக்கட்டு வாய்ப்பை அந்த மாத்திரைகளைவிட அதிகமாக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எனவே எந்தச் சதவீதத்தைக் கண்டாலும், அதை ‘இத்தனை பேரில் இத்தனை பேர்’ என்று மாற்றி எழுதுங்கள். மூலச் செய்தியில் தொடக்க எண் இல்லையென்றால், அது கிடைக்கும் வரை முடிவெடுப்பதைத் தள்ளிவையுங்கள்.

நான்காம் படி: காரணமா, அடையாளமா?

தீங்கோடு சேர்ந்து காணப்படுவதெல்லாம் தீங்கை உண்டாக்குவதில்லை. எச்.டி.எல். எனப்படும் ‘நல்ல கொலஸ்ட்ரால்’ குறைவாக உள்ளவர்களுக்கு இதயநோய் அதிகம் வருவது பல ஆய்வுகளில் கண்டது. அப்படியானால் அதை உயர்த்தினால் நோய் குறைய வேண்டும் அல்லவா? டார்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல். அளவைப் பெருமளவு உயர்த்தியது. ஆனாலும் அதை எடுத்தவர்களிடையே இறப்பு கூடியதால், 2006 டிசம்பரில் அதன் சோதனை நிறுத்தப்பட்டது. மாறாக, உயர் ரத்த அழுத்தத்தைக் குறைத்தால் பக்கவாதம் குறைகிறது என்பது சோதனைகளில் திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது. ஒரு காரணியை மாற்றியபோது தீங்கும் மாறியதா என்று தேடுவதுதான் இந்தப் படியின் வேலை.

ஐந்தாம் படி: நிதித்துறையில் இரு திசையிலும் பாருங்கள்

மருத்துவத்தில் இடர்க்காரணி என்றாலே கெடுதல்தான். நிதித்துறையிலோ, முதலீட்டின் மதிப்பை ஏற்றவும் இறக்கவும் கூடிய எதையும் அப்படி அழைக்கிறார்கள். வட்டி விகிதம் உயர்ந்தால் ஏற்கெனவே வெளியான கடன் பத்திரங்களின் விலை இறங்கும். வட்டி குறைந்தால் விலை ஏறும். எவ்வளவு என்பதை அறிய, திட்ட ஆவணத்தில் டியூரேஷன் என்ற எண்ணைப் பாருங்கள். அது 5 என்றால், வட்டி விகிதம் 1 சதவீதப் புள்ளி உயரும்போது மதிப்பு ஏறக்குறைய 5 சதவீதம் குறையும்.

ஆறாம் படி: சேர்ந்து வருபவற்றைச் சேர்த்தே எண்ணுங்கள்

காரணிகள் எப்போதும் வெறுமனே கூடிக்கொள்வதில்லை. சில ஒன்றையொன்று பெருக்குகின்றன. அமெரிக்காவில் வெப்பக்காப்புப் பணி செய்த தொழிலாளர்களைப் பற்றி 1979இல் வெளியான ஆய்வில், இரண்டு காரணிகளும் இல்லாதவர்களோடு ஒப்பிட, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியில் மட்டும் வேலை செய்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு சுமார் 5 மடங்கு, புகைப்பழக்கம் மட்டும் உள்ளவர்களுக்குச் சுமார் 11 மடங்கு, இரண்டும் உள்ளவர்களுக்கோ 50 மடங்குக்கும் மேல் என்று கண்டார்கள். முதலீட்டிலும் இதற்கு இணை உண்டு. பல ஊர்களின் வீட்டுக் கடன்களைக் கலந்து வைத்தால், எல்லா ஊரிலும் வீட்டு விலை ஒருசேர விழாது என்ற நம்பிக்கை 2008 நிதி நெருக்கடியில் பொய்த்தது. உங்கள் வேலை, சேமிப்பு, வீடு மூன்றும் ஒரே தொழிலை நம்பியிருந்தால், அவற்றை மூன்று தனித்தனி இடர்களாக எண்ணாதீர்கள்.

ஏழாம் படி: மாற்றக்கூடியதையும் முடியாததையும் பிரியுங்கள்

புகைப்பதை நிறுத்தலாம், கடனைக் குறைக்கலாம், முதலீட்டைப் பரவலாக்கலாம். வயதையும் குடும்ப நோய் வரலாற்றையும் மாற்ற முடியாது. ஆனாலும் எந்தப் பரிசோதனையை எந்த வயதில் தொடங்க வேண்டும் என்பதை அவையே தீர்மானிக்கும் என்பதால், அவற்றைத் தாளிலிருந்து அடித்துவிடாதீர்கள். எண்கள் காலப்போக்கில் மாறும் என்பதால் தாளின் மேலே தேதியைக் குறித்துவைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அதையும் எடுத்துச்சென்று நேரடியாகக் கேளுங்கள்: “என்னைப் போன்ற 100 பேரில், அடுத்த 10 ஆண்டுகளில் எத்தனை பேருக்கு இந்த நோய் வரும்? இந்த மருந்தை எடுத்துக்கொண்டால் அது எத்தனையாகக் குறையும்?”