ஒரே ஒரு மாற்றம்: அறிவியல் புனைகதையை வைத்துப் பாடம் நடத்துவது எப்படி?

அறிவியல் புனைகதை என்றதும் மொழி ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் தங்களுக்கு இதில் வேலை இல்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நல்ல அறிவியல் புனைகதை உலகத்தில் ஏதாவது ஒன்றை மாற்றிவிட்டு, அதனால் வேறு என்னவெல்லாம் மாறும் என்று பார்க்கிறது. அப்படிப் பார்க்கப் போனால் கணக்கும் வரும், சமூகமும் வரும், மொழியும் வரும். இதை முயன்று பார்க்காத ஆசிரியர்கள் முதல் வகுப்பை நடத்திவிடும் அளவுக்கு இங்கே எழுதுகிறேன்.

படி 1: முதலில் பாடம், அப்புறம் கதை

கதை பிடித்திருக்கிறது என்பதற்காக வகுப்புக்கு எடுத்துப் போனால், பிள்ளைகள் ரசிப்பார்கள். மணி அடித்ததும் மறந்துவிடுவார்கள். அடுத்த வாரப் பாடத்தில் எந்த இடத்தில் அவர்கள் திணறுவார்கள் என்று பாருங்கள். அந்த இடத்தைத் தொடும் கதையைத் தேடுங்கள். முழு நாவல் வேண்டாம், இரண்டு பக்கம் போதும்.

படி 2: மாற்றத்தை ஒரே வரியில் எழுதுங்கள்

"எறும்பு நூறு மடங்கு பெரிதானால்?", "செவ்வாயில் மனிதர்கள் குடியேறினால்?" என்று கரும்பலகையில் ஒரே ஒரு வரி. ஒரு வரியில் எழுத முடியாத கதையை முதல் வகுப்புக்கு எடுக்காதீர்கள்.

கதையை வாசிக்கும் முன்பே, அந்த மாற்றத்தால் என்ன நடக்கும் என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். இதைத் தவறவிடக் கூடாது. தன் ஊகத்தை எழுதி வைத்திருக்கும் பிள்ளை, கதாசிரியர் சொல்வது சரியா என்று சரிபார்த்துக்கொண்டே கேட்கும்.

படி 3: கதையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கதையில் அறிவியல் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. தப்பு எங்கே, எவ்வளவு என்று கண்டுபிடிப்பதே பாடமாகிவிடும்.

ஜூல் வெர்ன் 1865-இல் எழுதிய நிலாப் பயண நாவலை எடுத்துக்கொள்வோம். அதில் 900 அடி நீளமுள்ள பீரங்கியிலிருந்து மூன்று பேரைக் குண்டுக்குள் உட்காரவைத்துச் சுடுகிறார்கள். அவர்கள் பிழைப்பார்களா?

பூமியின் ஈர்ப்பிலிருந்து விடுபட வினாடிக்குச் சுமார் 11 கி.மீ. வேகம் வேண்டும். 900 அடி என்பது ஏறக்குறைய 274 மீட்டர். அந்த நீளத்துக்குள்ளேயே முழு வேகமும் வந்தாக வேண்டும். வேகத்தின் வர்க்கத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் முடுக்கம் கிடைக்கும். 11,000-இன் வர்க்கம் 12.1 கோடி, அதை 548-ஆல் வகுத்தால் சுமார் 2,20,000. இதை 9.8-ஆல் வகுத்தால், ஈர்ப்பு முடுக்கத்தைப் போல 22,000 மடங்குக்கும் மேல் வருகிறது. போர் விமானிகள் சிறப்பு உடை அணிந்து, அதுவும் சில வினாடிகள் மட்டுமே, 9 மடங்கு வரை தாங்குகிறார்கள். நாவலில் அதிர்ச்சியைத் தாங்கக் குண்டுக்குள் தண்ணீர் வைக்கிறார்கள். அது போதுமா என்று பிள்ளைகளே சொல்லட்டும்.

உடனே அடுத்த கேள்வியைப் போடுங்கள்: பயணிகள் தாங்க வேண்டுமானால் பீரங்கி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? 9 மடங்கு என்று வைத்தால் ஏறக்குறைய 690 கி.மீ. வரும். ராக்கெட் ஏன் நிமிடக் கணக்கில் மெதுவாக வேகம் கூட்டிக்கொண்டே போகிறது என்பது அப்போது தானாகவே விளங்கும்.

எறும்புக் கணக்கு இன்னும் எளிது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 100 மடங்கானால் எடை 10 லட்சம் மடங்காகும். காலின் குறுக்குவெட்டுப் பரப்போ 10,000 மடங்குதான் கூடும். ஆகவே காலின் ஒவ்வொரு துளி இடமும் 100 மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். யானைக்குக் கால் ஏன் தூண் போல இருக்கிறது என்ற கேள்வியை இதோடு சேர்த்துக் கேளுங்கள். கணக்கு வகுப்பு உயிரியல் வகுப்பாகிவிடும்.

படி 4: அதே கதையைப் பக்கத்து வகுப்புக்கு அனுப்புங்கள்

இரண்டு மூன்று ஆசிரியர்கள் பேசி வைத்துக்கொண்டால் ஒரே கதை பல பாடங்களுக்கு உதவும். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' அதற்கு மிகவும் ஏற்றது. செத்த உடல்களின் பாகங்களைச் சேர்த்து ஓர் உயிரை உருவாக்கிவிட்டு, பிறகு அதைக் கைவிட்டு ஓடும் ஒருவனின் கதை அது. 1815-இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. கந்தகத் துகள்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் பரவி வெயிலைக் குறைத்ததால், 1816-இல் ஐரோப்பாவில் கோடையே வராதது போல ஆனது. ஜெனீவா ஏரிக்கரையில் மழையால் வீட்டுக்குள் முடங்கிய நண்பர்கள் பேய்க்கதை எழுதப் போட்டி வைத்துக்கொண்டார்கள். 18 வயது மேரி அங்கே தொடங்கியது 1818-இல் நாவலாக வெளிவந்தது. எரிமலையைப் புவியியல் ஆசிரியர் எடுத்துக்கொள்ளலாம். செத்த தவளையின் கால் மின்சாரத்தில் துடித்ததைப் பற்றிய இத்தாலிய விஞ்ஞானி கால்வானியின் சோதனையை இயற்பியல் ஆசிரியர் நடத்தலாம். உயிர் கொடுத்தவன் அந்த உயிரைக் கைவிடலாமா என்ற விவாதத்தை மொழி வகுப்புக்கு விட்டுவிடுங்கள்.

சமூக அறிவியலுக்கு ரொக்கேயா சகாவத் ஹுசைனின் 'சுல்தானாவின் கனவு' (1905). பெண்கள் ஆளும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். சூரிய வெப்பத்தில் சமையல் நடக்கிறது. ஆண்களை அடைத்து வைக்க அங்கே சொல்லப்படும் காரணங்களைப் பட்டியலிடச் சொல்லுங்கள். பெண்களை வீட்டில் வைக்க நிஜ உலகில் சொல்லப்பட்ட காரணங்களைப் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அப்புறம் நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்காது.

படி 5: பிள்ளைகள் எழுதட்டும்

"உன் கற்பனைக்கு ஏற்றபடி எழுது" என்றால் சண்டையும் வெடிப்புமாகத்தான் வரும். கட்டுப்பாடு கொடுங்கள். எனக்குப் பிடித்த பயிற்சி இது: பூமிக்கும் செவ்வாய்க்கும் உள்ள தூரம் மாறிக்கொண்டே இருப்பதால், ஒரு செய்தி போய்ச் சேர 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். செவ்வாயில் இருக்கும் அக்காவும் பூமியில் இருக்கும் தம்பியும், ஒரு செய்திக்கு 20 நிமிடம் ஆகும் நாளில் பேசுவதை எழுத வேண்டும். "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் பதில் வர 40 நிமிடம். இரண்டு வரியிலேயே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும், இதை உரையாடலாக எழுத முடியாது என்று. சிலர் கடிதத்துக்கு மாறுவார்கள், சிலர் ஒரே செய்தியில் பத்து கேள்விகளை அடுக்குவார்கள். ஒளியின் வேகம் வாக்கியத்தின் வடிவத்தையே மாற்றுவதை அவர்கள் தாங்களே கண்டுபிடிக்கிறார்கள். எனக்கு இதைவிட அழகான மொழிப்பயிற்சி தெரியாது.

படி 6: எது உண்மை, எது புனைவு என்று பிரித்துவிடுங்கள்

கதையில் கேட்ட தப்பான தகவல் மனதில் நன்றாகவே ஒட்டிக்கொள்ளும். வெற்றிடத்தில் வெடிச்சத்தம் கேட்கும் என்று நம்பும் பிள்ளைகள் நிறைய உண்டு. அதனால் கடைசி ஐந்து நிமிடத்தில் குறிப்பேட்டில் மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள்: இன்று நடப்பது, இனி நடக்கக்கூடியது, இயற்கை விதிப்படி நடக்கவே முடியாதது. கதையில் வந்த ஒவ்வொன்றையும் அதில் நிரப்ப வேண்டும். நடுக்கட்டத்தில்தான் சண்டை வரும். விட்டுவிடுங்கள், ஆனால் காரணம் சொல்லாமல் யாரையும் எதையும் எழுத விடாதீர்கள்.

மதிப்பெண் போடும்போது நடையையும் எழுத்துப் பிழையையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கதைக்கு நான் பார்ப்பது இரண்டே விஷயம்: மாற்றம் ஒன்றுதானா, அதன் விளைவுகள் ஒன்றிலிருந்து ஒன்றாக வருகின்றனவா. கதை சிக்கிக்கொண்ட இடத்தில் புதிதாக ஒரு மந்திரக் கருவி வந்து காப்பாற்றினால், அந்த இடத்தில் கோடு போட்டுத் திருப்பிக் கொடுங்கள், மீண்டும் எழுதட்டும்.