துப்பாக்கிக் கட்டைக்குப் புது மெருகும் செக்கரிங்கும்: கெடுவது எங்கே?

வின்செஸ்டர் நிறுவனம் 1964-ல் மாடல் 70 ரைஃபிளின் கட்டையில், அதாவது கையில் பிடித்துத் தோளில் வைக்கும் மரப்பகுதியில், வெட்டிச் செய்த செக்கரிங்கை (குறுக்கும் நெடுக்குமான காடிக் கோடுகளை) நிறுத்திவிட்டு அச்சால் அழுத்த ஆரம்பித்தது. அமெரிக்க வேட்டைக்காரர்கள் அதற்காக இன்றும் முணுமுணுக்கிறார்கள். 64-க்கு முந்தைய துப்பாக்கி என்றால் தனி மதிப்பு (மாற்றங்கள் வேறு பலவும் இருந்தன என்பது வேறு விஷயம்). அந்த வைர வடிவக் கட்டங்கள் அழகுக்கு மட்டுமல்ல, கை ஈரமாக இருந்தாலும் பிடி வழுக்காது. அதைக் கையால் வெட்டப் பழகலாம், கஷ்டமில்லை. ஆனால் புதிதாகப் பழகுகிறவர்கள் கட்டையைக் கெடுப்பது பெரும்பாலும் வெட்டும்போது அல்ல, அதற்கு முன்னால்.

குண்டு இல்லை என்று பார்த்துவிட்டு இரும்பை எல்லாம் கழற்றுங்கள். அப்புறம் உப்புத்தாளைத் தேடாதீர்கள். பழைய வார்னிஷை ரிமூவர் போட்டு எடுங்கள், பள்ளங்களை ஈரத்துணி வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் ஆவி கொடுத்து எழுப்புங்கள். நார் அறுபடாமல் வெறுமனே அமுங்கிய இடம் என்றால் பெரும்பாலும் மேலே வந்துவிடும். அதை விட்டுவிட்டு ஒரு சின்னப் பள்ளத்துக்காகச் சுற்றிலும் இழைத்துக்கொண்டே போனால், திரும்பப் பூட்டும்போது மரம் இரும்பைவிடத் தாழ்ந்து நிற்கும், ஓரங்கள் மழுங்கியிருக்கும். பின்பக்கத் தகடு சேரும் இடத்தில் மட்டும் அந்தத் தகட்டை மாட்டி வைத்துக்கொண்டே தேய்க்க வேண்டும், உப்புத்தாளுக்குப் பின்னால் ஒரு தட்டையான மரத்துண்டு கொடுத்து. எம்1 கேரண்ட் மாதிரியான ராணுவத் துப்பாக்கி என்றால் மரத்தில் பதிந்த சோதனை முத்திரைகள்தான் அதன் ஜாதகம், இழைத்தால் போயே போச்சு, சேகரிப்பவர் யாரும் அப்புறம் அந்தக் கட்டையைச் சீண்ட மாட்டார்.

அடுத்தது வரிசை. செக்கரிங்கை வெட்டிவிட்டு எண்ணெய் பூசுகிறவர்கள் உண்டு, காடிகள் எல்லாம் அடைந்து கட்டங்கள் பிசுபிசுத்துப்போகும். மெருகை முடித்து நன்றாகக் காய விட்டு, அதன் மேல்தான் வெட்ட வேண்டும்.

இப்போது கோடு போடுவது. உண்மையான வேலையே இதுதான், இதில்தான் எல்லோருக்கும் அவசரம். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு மூலக்கோடுகள் வேண்டும், அவற்றுக்கு நடுவே உருவாகும் வைரம் அகலத்தைப் போல 3 அல்லது 3.5 மடங்கு நீளமாக, கட்டையின் நீளவாக்கிலேயே படுத்திருக்க வேண்டும். அட்டையில் அந்த வைரத்தை வெட்டி வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் ஒரே கோணம் வரும். பிடி வளைவானது, அதனால் இரும்பு ஸ்கேலை வைத்து மல்லுக்கட்டாதீர்கள். வளையும் பிளாஸ்டிக் பட்டையை அது தானாகப் படியும் வழியில் படியவிடுங்கள், பக்கவாட்டில் இழுத்து வளைத்தால் கோடும் வளையும், அதைப் பின்னால் எந்த உளியும் சரிசெய்யாது.

இடைவெளி விடும் வெட்டுக்கருவியில் இரண்டு வரிசைப் பற்கள் இருக்கும், ஒரு வரிசை ஏற்கெனவே வெட்டிய காடியில் ஓட, மற்றது புதுக்கோட்டை வெட்டும். இதன் வினை என்னவென்றால், முதல் கோட்டில் ஒரு நெளிவு இருந்தால் அது இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் போய்க் கடைசிவரை வரும், வரவரப் பெரிதாகவும் ஆகும். சில கோடுகளுக்கு ஒருமுறை பட்டையை வைத்துப் பாருங்கள், விலகியிருந்தால் ஒற்றைப் பல் கருவியால் அப்போதே நேராக்குங்கள். விளக்கு ஒன்று போதும், பக்கத்திலிருந்து தாழ்வாக அடித்தால் நெளிவு நிழலில் தெரியும். தலைக்கு மேலே டியூப்லைட் எரிந்தால் எல்லாமே நேராகத்தான் தெரியும்.

முதல் சுற்றிலேயே ஆழமாக வெட்டாதீர்கள். இரண்டு திசையிலும் முழு வடிவத்தையும் மேலோட்டமாகக் கீறி முடித்துவிட்டு, மூன்று நான்கு சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, வைரங்கள் முனை கூரானதும் நிறுத்துங்கள். எல்லைக்கோட்டை நெருங்கும்போது நீள வீச்சு வேண்டாம், அரை அங்குலம் முன்னாலேயே நின்று குட்டி வீச்சுகளாகப் போங்கள். எல்லை தாண்டி ஓடிய கீறலை மறைக்கத்தான் பலரும் அகலமாகக் கரை போடுகிறார்கள், பார்த்தாலே தெரியும்.

அங்குலத்துக்கு எத்தனை கோடு? பழகுகிறவருக்கு 18 அல்லது 20. அமெரிக்கக் கருப்பு வால்நட் துண்டு கொஞ்சம் மென்மையாக இருந்துவிட்டால் 26 கோட்டுக்கு வைர முனைகள் சிலாம்பு சிலாம்பாக உதிரும், அந்த நுணுக்கம் எல்லாம் அடர்த்தியான நல்ல ஆங்கில வால்நட்டுக்கு. எதுவானாலும் முதலில் தட்டையான துண்டு, அப்புறம் உருண்டையான துண்டு, அதன் பிறகுதான் கட்டை.

வெட்டி முடித்த கட்டங்களுக்கு நீர்த்த எண்ணெய் ஒரு பூச்சு, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து மிச்சத்தை எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான். லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட வேண்டாம். அது காயும்போது சூடாகித் தானே தீப்பிடிக்கலாம், விரித்து வெளியே உலர்த்துங்கள் அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள தகரத்தில் போடுங்கள்.